பைக்காரா வெளிச்சமும் லைன் வீட்டு இருட்டும்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கத்தில் எங்கள் ஜனங்கள் கரண்ட்டை நம்பி எந்த வேலையையும் வைத்துக்கொள்வதில்லை. காற்று அடித்தால் சில்வர் ஓக் மரம் கம்பியில் சாயும். மண் இளகினால் கம்பம் சாயும். மாவு ஆட்ட வேண்டியதைக் கரண்ட் இருக்கும்போதே ஆட்டி வைத்துவிடுவார்கள். டவுனுக்குப் போகிற பிள்ளையிடம் வீட்டிலிருக்கிற போன்களையெல்லாம் கொடுத்து, தெரிந்த கடையில் சார்ஜ் போட்டு வாங்கி வரச் சொல்வார்கள். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எந்த மூலையில் இருக்கின்றன என்பது வீட்டிலிருக்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒருநாளில் வருமா, நான்கு நாளாகுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

மழைதான் காரணம், மலைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இதே மழையும் இதே மலையும்தான் நீலகிரியை மின்சாரம் விளைகிற மாவட்டமாக ஆக்கியிருக்கின்றன. பைக்காரா, மாயாறு, குந்தா என்று இந்த மாவட்டத்து நீரை வைத்து 800 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் அளவுக்கு மின் நிலையங்கள் கட்டப்பட்டுள்ளன. போதாதென்று குந்தாவில் 500 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின் திட்டமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வளவு மின்சாரம் பிறக்கிற மலையில், அதே மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் வீட்டுக்கு அது ஏன் கடைசியாக வந்தது? வந்த பிறகும் ஏன் முதலில் நின்றுபோகிறது?

இந்தக் கேள்விக்குப் பொறியியலில் பதில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி நிலம் யார் பெயரில் இருந்தது, வீடு யார் பெயரில் இருந்தது, யாரைக் கணக்கில் எழுதினார்கள் என்பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதல் கரண்ட் யாருக்குப் போனது?

நீலகிரியில் மின்சாரம் முதலில் மனிதர் வீட்டுக்கு வரவில்லை. வெடிமருந்துக்கு வந்தது. அரவங்காட்டில் பிரிட்டிஷ் அரசு கார்டைட் ஆலையைக் கட்டியபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அதற்காகக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் மருந்து அரைக்கிற எந்திரம் ஓடியது. பிறகு குன்னூர், ஊட்டி நகரங்களின் வீதிகளுக்கும், பங்களாக்களுக்கும், கோடைக்கு வந்து போகிற துரைமார்களின் வசதிக்கும் விளக்கு வந்தது.

அடுத்தது பைக்காரா. 1920களில் சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்றார். மாகாணத்தின் மின்சாரத் துறையை முதலில் நடத்திய தலைமைப் பொறியாளர் ஹோவர்டு. 1929-ல் வேலை தொடங்கி 1932-ல் மின்சாரம் வந்தது. க்ளென்மார்கனிலிருந்து சிங்காராவுக்குக் குழாய் வழியே சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது. தண்ணீரின் அளவு குறைவாக இருந்தாலும் உயரம் அதிகமென்றால் அதே தண்ணீரில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். நீலகிரியின் செங்குத்தான சரிவை இப்படித்தான் பணமாக்கினார்கள்.

அந்தப் பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமானது. அதைச் சுற்றியிருந்த புல்வெளி அவர்களுடைய எருமைகள் மேய்ந்த நிலம். சிங்காராவைச் சுற்றியிருந்த காடு இருளர்களும் குறும்பர்களும் வாழ்ந்த காடு. அவர்களைக் கேட்டா குழாய் இறக்கினார்கள்?

பைக்காரா கரண்ட் மலையில் தங்கவில்லை, கோயம்புத்தூருக்கு இறங்கியது. 1930களில் கோவையில் பஞ்சாலைகள் வரிசையாக எழும்பியதற்கு இந்த மலிவான மின்சாரம் முக்கியமான காரணம் என்று தொழில் வரலாற்றைப் படித்த எல்லோரும் சொல்வார்கள். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெருமைக்குப் பின்னால் நீலகிரியின் தண்ணீர் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் இன்னும் ஒரு அடி வைக்க வேண்டும். ஆலைக்குப் போன அதே கம்பி கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கும் போனது. அதற்கு முன் ஆழமான கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். அதற்கான தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். பண்ணையாளாக நின்று மாட்டை ஓட்டி இறைத்தவர்களிலும் அவர்கள் ஏராளம். மோட்டார் வந்ததும் கிணறு வைத்திருந்தவருக்குத் தண்ணீர் பெருகியது. பறி தைத்தவருக்கு வேலை போயிற்று. கவலை இறைப்பதில் இருந்த அடிமைத்தனத்துக்கு நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை, அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஒரு தொழில் ஒழிகிறபோது அதைச் செய்தவருக்கு மாற்றாக ஒரு காணி நிலமோ, ஒரு கிணறோ, ஒரு விளக்கோ கிடைத்ததா? மின்சாரம் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். அது நிலமும் ஆலையும் இருந்த இடத்துக்குப் போயிற்று. நிலமும் ஆலையும் யாரிடம் இருந்தன என்பதைச் சாதிதான் முடிவு செய்திருந்தது.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சக்தியும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கான மின்சக்திக் கொள்கைக் குழுவின் முதல் கூட்டத்துக்கு 1943 அக்டோபர் 25 அன்று அவர்தான் தலைமை தாங்கினார். 1944-ல் மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் அமைந்ததும் அவர் காலத்தில்தான்.

மின்சாரம் தனியார் கையில் இருப்பதா, அரசின் கையில் இருப்பதா என்பது அன்று அவர் எழுப்பிய கேள்விகளில் முக்கியமானது. வறுமையிலிருந்து இந்த நாடு மீள வேண்டுமானால் தொழில் வளர வேண்டும், தொழில் வளர மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு தொழில்நுட்ப விஷயமாக அதை அவர் பார்க்கவில்லை. ஏழையின் வாழ்க்கை மாறுவதற்கான வழியாகப் பார்த்தார்.

1948-ல் மின் வழங்கல் சட்டம் வந்தது. 1957-ல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. காமராசர் ஆட்சியில் கிராமங்களுக்கு மின்கம்பி வேகமாக நீண்டது உண்மை. அந்தப் பெருமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு வந்த கம்பி சேரிக்கு வர எத்தனை ஆண்டு ஆனது என்பது தனிக் கணக்கு. தனிக் கணக்கு என்று நாங்கள் உவமையாகச் சொல்லவில்லை. மின்வாரியத்தின் புள்ளிவிவரங்களிலேயே 'மின்வசதி பெற்ற கிராமங்கள்' என்று ஒரு தலைப்பும் 'மின்வசதி பெற்ற ஆதிதிராவிடர் காலனிகள்' என்று வேறொரு தலைப்பும் இருந்து வந்தன. ஊருக்கு விளக்கு வந்தால் காலனிக்கும் வந்துவிட்டது என்று பொருளில்லை என்பதை வாரியமே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

இரண்டு மலைகள், ஒரே இருட்டு

குந்தா திட்டம் சுதந்திர இந்தியாவின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. 1960-ல் முதல் நிலையங்கள் ஓடத் தொடங்கி, 1960களின் நடுப்பகுதிக்குள் ஐந்து நிலையங்கள் வந்துவிட்டன. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகள் எழும்பின. கெத்தை, பரளி, பில்லூர் என்று தண்ணீர் ஒரு நிலையத்தில் வேலை செய்துவிட்டு அடுத்த நிலையத்துக்கு இறங்குகிற ஏற்பாடு.

இதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் இன்னொரு மலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் மத்திய மலைநாட்டில் விமலசுரேந்திர என்ற பொறியாளர் நெடுங்காலம் வலியுறுத்திய நீர்மின் திட்டம், 1950-ல் லக்சபான நிலையமாக ஓடத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கொழும்புக்கு விளக்கு எரிந்தது. நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அங்கே அதற்கு ஊற்றுவதை லாம்பெண்ணெய் என்பார்கள்.

அந்த லயங்களில் இருந்தவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட மக்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் சாதிகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பெரும்பகுதி. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் பலருக்குச் சமவெளியில் வியாபாரக் கடனாக 5,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவர்கள் எந்த ஊரில் என்ன கடை வைப்பார்கள்? தெரிந்த வேலை இருந்த இடம் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். அரசும் 1968-ல் வனத்துறையின் மூலம் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கி, காட்டை வெட்டித் தேயிலை வைத்துத் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுத்தது. அதுதான் 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், நம் ஜனங்கள் வாயில் 'டேன்டீ'.

இப்படியாக, லக்சபான கரண்ட்டைப் பார்க்காமல் அந்த மலையிலிருந்து கப்பலேறியவர்கள், குந்தா கரண்ட்டும் பைக்காரா கரண்ட்டும் பிறக்கிற மலைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் லைன் வீடு. கூடலூர் பக்கத்தில் அதைப் பாடி என்பார்கள். பெயர் மாறியது. விளக்கில் ஊற்றுவதற்கும் பெயர் மாறி மண்ணெண்ணெய் ஆனது.

வீடு யார் வீடு?

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நம்முடைய போராட்டங்களின் பலன்களில் ஒன்று. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், பிள்ளை மடுவம், பள்ளி, வீடு இவையெல்லாம் தோட்ட முதலாளியின் கடமை என்று அது எழுதியது. அந்தக் கடமைகளின் வரிசையில் மின்சாரம் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. 1951-ல் எழுதப்பட்ட சட்டத்தில் அது இல்லாததைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் வீட்டைக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று ஆனபோது வீடு முதலாளியின் சொத்து என்பதும் சேர்ந்தே உறுதியானது. வேலை இருக்கிற வரை வீடு. பட்டா கிடையாது, வரி ரசீது கிடையாது. மின் இணைப்புக்கு மனுப் போட வேண்டுமானால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். உரிமையாளர் தோட்டம்.

தோட்டத்துக்கு மின்சாரம் தெரியாத பொருளா? தேயிலை ஆலையில் பறித்த இலையை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், உலர்த்த வேண்டும். நடுவில் எந்திரம் நின்றால் இலை கெட்டுவிடும். அதனால் ஆலைக்குக் கம்பியும் உண்டு, கம்பி அறுந்தால் ஜெனரேட்டரும் உண்டு. மேனேஜர் பங்களாவுக்கும் உண்டு. ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற லைனுக்கு மட்டும் பல ஆண்டுகள் கம்பி வரவில்லை. பறித்த இலை கெட்டுப்போகக் கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, பறித்த கையை உடைய பெண்ணின் பிள்ளை இருட்டில் படிக்கிறதே என்று தெரியவில்லை.

எத்தனையோ தோட்டங்களில் பிறகு இணைப்பு வந்தபோதும் தோட்டத்தின் பெயரிலேயே வந்தது. ஒரே மீட்டரில் பல வீடுகள். சம்பளத்தில் பிடித்தம். 2016-ல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது. அந்தச் சலுகை மீட்டருக்குத்தான், அடுப்புக்கு அல்ல. தனி மீட்டர் இல்லாத வீடு அந்தக் கணக்கில் ஒரு வீடே இல்லை.

இருட்டைச் சமாளித்தவர்கள்

இருட்டைச் சமாளித்த வரலாறு பெண்களின் வரலாறு. காலை பெரட்டுக்கு முன் சோறு ஆக்க வேண்டும். மலையில் விடிவது மஞ்சுக்கு நடுவே. நாலரை, ஐந்து மணிக்கு அடுப்பு வெளிச்சத்தில்தான் பாதி வேலை நடந்தது. மழையில் நனைந்த சேலையும் படங்கும் கம்பளியும் அதே அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காய்ந்தன. சிம்னி விளக்குக்குக் கண்ணாடி துடைப்பது பெண் பிள்ளைகள் வேலை. குடும்ப அட்டைக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெயை மாதம் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீடுகள் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியராக, நர்சாக, வழக்கறிஞராக இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் புத்தகத்தில் விழுந்த வெளிச்சம் பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய்.

இருட்டில் இன்னொரு பயம் யானை. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இரவில் கழிப்பிடத்துக்குப் போவதென்றால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து, டார்ச் அடித்து, தகரம் தட்டிக்கொண்டு போவது வழக்கம். தெருவிளக்கு நகரத்தில் ஒரு வசதி. பாடியில் அது உயிர்.

மழை முற்றினால் நிலைமை வேறு. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படிப்பட்ட நாட்களில் கம்பம் விழாத ஊரே இருக்காது. மின்வாரிய ஊழியர்கள், குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளர்கள், கொட்டுகிற மழையில் மரம் அறுத்துக் கம்பி இழுப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களில் பலர் நம் தெருப் பிள்ளைகள். முதலில் எந்தக் கம்பியை எடுப்பது என்று வரிசை போடுகிற இடத்தில்தான் குறை. மருத்துவமனை முதலில் வர வேண்டும், சரி. அடுத்து நகரம், விடுதிகள், ஆலைகள். கடைசி டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்தில் லைன் வீடு, அதற்கும் கடைசியில் ஆதிவாசி குடியிருப்பு. கம்பி நீண்ட வரிசையும் கம்பியைச் சரிசெய்கிற வரிசையும் ஒன்றாக இருப்பது தற்செயலா?

பிரிவு 17-ம் காடும்

கூடலூருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை ஒழிக்க 1969-ல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனது நல்லது. ஆனால் தோட்டங்களின் குத்தகை நிலங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவு பத்தாண்டு பத்தாண்டாக வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அந்த நிலங்களில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, தாயகம் திரும்பியோர், தலித்துகள், கேரளத்திலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் எல்லோருக்கும், பட்டா இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மின் இணைப்பு மறுக்கப்பட்டது. 'பிரிவு 17' என்ற சொல் கூடலூரில் சட்டம் படிக்காதவர்களுக்கும் தெரிவது இதனால்தான்.

காட்டைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாழத் தொங்குகிற கம்பியிலும், திருட்டு மின்வேலியிலும் யானைகள் செத்திருக்கின்றன. யானையின் சாவு எங்களுக்கும் சாவுதான், அதே பாதையில்தான் நாங்களும் நடக்கிறோம். ஆனால் சிங்காராவில் அழுத்தக் குழாய் இறங்கியதும், முதுமலைக் காட்டை ஊடுருவி உயரழுத்தக் கம்பிகள் போவதும் காட்டின் வழியாகத்தான். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் விளக்கும் வெந்நீருமாக விடுதிகள் எழும்பின. 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில்தான் வழித்தடம் சட்டப்படி உறுதியானது. அதுவரை விடுதிக்கு எரிந்த விளக்கு காட்டுக்கு ஆகும், பணியர் வீட்டில் எரிகிற ஒரு பல்பு மட்டும் ஆகாதா?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறது. அதன் பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால் மின்கம்பி, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை போன்றவற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. உறை போட்ட கேபிளும் இருக்கிறது, சூரிய விளக்கும் இருக்கிறது. காட்டையும் விளக்கையும் எதிரெதிராக நிறுத்துவது வேலை செய்ய மனமில்லாதவர்களின் வாதம்.

எண்ணிய விதம்

மின்வசதி பெற்ற கிராமம் என்றால் என்ன? 1997 வரை இந்திய அரசு வைத்திருந்த விளக்கத்தின்படி, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம். ஒரு பண்ணையாரின் பம்புசெட் போதும். நீலகிரியில் ஒரு தேயிலை ஆலை போதும். வீடு ஒன்றிலும் விளக்கு எரியாமலே கிராமம் வெளிச்சமாகிவிடும். 1997-ல்தான் மக்கள் குடியிருக்கிற பகுதியில் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். 2004-ல் வந்த விளக்கம்தான் முதல்முறையாக, குடியிருப்புப் பகுதியிலும் தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் டிரான்ஸ்பார்மரும் கம்பியும் இருக்க வேண்டும், குறைந்தது 10 விழுக்காடு வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று சொன்னது.

சுதந்திரம் அடைந்து 57 ஆண்டுகள் கழித்து, நம் தெருவைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். அதிலும் நூற்றில் 90 வீடுகள் இருட்டில் இருந்தாலும் கிராமம் தேறிவிடும். தமிழ்நாடு நூற்றுக்கு நூறு கிராமங்களுக்கு மின்வசதி தந்த மாநிலம் என்று இனி யாராவது மேடையில் சொன்னால், எந்த விளக்கத்தின்படி என்று கேளுங்கள்.

கையில் இருக்கிற சட்டம்

இன்று பெரும்பாலான லைன் வீடுகளில் பல்பு எரிகிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. இன்றைய பிரச்சினை இரண்டு. ஒன்று, வந்த கரண்ட் நிற்பதில்லை. இரண்டு, இணைப்பு நம் பெயரில் இல்லை. இரண்டாவதுதான் ஆபத்து. 2022-ல் டேன்டீ நிர்வாகம் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடியது வேலைக்காக மட்டுமில்லை. ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடிக்கு எதிராகவும்தான். மூன்று தலைமுறையாக இருந்த வீட்டில் அவர்கள் இருந்ததற்கு அவர்கள் பெயரில் ஒரு கரண்ட் பில்கூடக் கிடையாது. வெளிச்சம் இருந்தது, சான்று இல்லை.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 43-ஐப் படியுங்கள். ஒரு இடத்தின் உரிமையாளர் 'அல்லது குடியிருப்பவர்' மனுச் செய்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் கூடுதல் அவகாசம் உண்டு. கடமை தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமையாளர் சம்மதம் தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரமும் உறுதிப் பத்திரமும் கொடுத்து, இரட்டிப்பு வைப்புத்தொகை கட்டி இணைப்புப் பெற மாநில விதிகளிலேயே வழி இருக்கிறது. எங்களோடு வந்த ஒரு அம்மா இந்த மனுவோடு ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். மூன்று முறை "எஸ்டேட்ல லெட்டர் வாங்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் உட்காரச் சொன்னார்கள். இணைப்பு இன்னும் வரவில்லை. மனு எண் வந்திருக்கிறது.

இந்த வரலாற்றை எழுத எங்களிடம் அரசின் புள்ளிவிவரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இல்லாதது நம்முடைய கணக்கு. எனவே நீலகிரியிலும் வால்பாறையிலும் மேகமலையிலும் இருக்கிற தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் லைனில், உங்கள் பாடியில், உங்கள் காலனியில் முதல் பல்பு எந்த ஆண்டு எரிந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆலைக்கு எந்த ஆண்டு வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த மழைக்காலத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டை வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள்.

ஜெய் பீம்.